பொதுச் சூதாட்ட இல்லத்திலிருந்து கைப்பேசிக்கு: தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டங்களில் இளவர் நிலை (1888–2025)

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டு வயது நிறையாதோர் சூதாட்டத்தில் ஈடுபட்டால் ஆடியவருக்கும் ஆட்டத்தை நடத்தியவருக்கும் என்ன நேரும் என்னும் வினாவைத் தமிழ்நாட்டுச் சட்ட வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. 1888, 1930ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஆட்டம் நிகழ்ந்த இடத்தையும் ஆட்டத்தின் தன்மையையும் கருதினவேயன்றி, ஆடுபவரின் வயதைக் கருதவில்லை. இளவருக்கான காப்பு ஒப்பந்தச் சட்டத்திலிருந்தும் குழந்தைகளுக்கான சட்டங்களிலிருந்துமே கிடைத்துவந்தது. வயது சூதாட்டச் சட்டத்திற்குள் நேரடியாக நுழைந்தது 2022க்குப் பிறகேயாகும். அவ்வாறு நுழைந்தபோதும் வயதை மெய்ப்பிக்கும் முறை, பெரியவரின் அடையாளத்தில் ஆடும் இளவரை எட்டவில்லை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு போன்ற மலைப்பகுதி இவ்வாய்வுக்கு நோக்குநிலையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இளவர், பொதுச் சூதாட்ட இல்லம், திறன் விளையாட்டு, இளைஞர் நீதி, இணையவழிச் சூதாட்டம், நெல்லிவாசல்நாடு.

முன்னுரை

தமிழ்நாட்டில் சூதாட்டம் பற்றிய சட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்துள்ளன. ஓர் ஆட்டம் திறனைச் சார்ந்ததா, வாய்ப்பைச் சார்ந்ததா என்பதே அவ்வினா. குதிரைப் பந்தயம், ரம்மி, போக்கர் ஆகியவை குறித்த வழக்குகள் அனைத்தும் இதனையே மையமாகக் கொண்டன. இவ்வினாவின் முன்னுரிமையால் மற்றொரு வினா பின்தள்ளப்பட்டது. ஆடுபவர் யார், அவருடைய வயது என்ன என்பது அது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் சீட்டாடும் இடத்தில் பிடிபட்டால் அவனுக்கு நேர்வது என்ன? அவனை ஆடவிட்டவருக்கு நேர்வது என்ன? இவ்வினாக்களுக்கு ஒரே சட்ட நூலில் விடை காண இயலாது. காவல் சட்டம், சூதாட்டச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், தண்டனைச் சட்டம், இளைஞர் நீதிச் சட்டம் ஆகிய ஐந்தையும் இணைத்துப் படித்தாலன்றி விடை துலங்காது.

ஆட்டமும் பணயமும்

சிறார் விளையாட்டு, சூதாட்டம் ஆகிய இரண்டையும் தமிழ் மரபு வேறுபடுத்தியே கண்டுள்ளது. நற்றிணையின் மூன்றாம் பாடலில் இளங்கீரனார், வேம்பின் நிழலில் கட்டம் வரைந்து நெல்லிக்காய்களை வட்டாகக் கொண்டு ஆடும் சிறுவரைக் காட்டுகிறார். அவ்வாட்டத்தில் பணயம் பேசப்படவில்லை. திருக்குறளோ ‘சூது’ என்னும் பெயரிலேயே 94ஆம் அதிகாரத்தை அமைத்து, பொருளையும் பெருமையையும் அழிக்கும் செயலாக அதனைக் கடிகிறது. காயும் கட்டமும் இரண்டிடத்திலும் இருக்கலாம். இழப்பதற்கு ஒரு பொருளை முன்வைக்கும்போதே ஆட்டம் சூதாகிறது.

காலனியச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்றது. 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டம் பணயம் கட்டுவதையும் பந்தயம் வைப்பதையும் சூதாட்டம் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. பரிசுச் சீட்டுக் குலுக்கலை அவ்வரையறையிலிருந்து விலக்கியது. ஆனால் திருக்குறளின் அறநோக்கு ஆடுபவனை நோக்கிப் பேசுகையில், சட்டத்தின் பார்வை ஆடுமிடத்தை நோக்கித் திரும்பியது.

இடத்தைப் பார்த்த சட்டங்கள்

வட இந்தியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்ட 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் சென்னை மாகாணத்திற்குப் பொருந்தவில்லை. இங்கே 1888ஆம் ஆண்டுச் சென்னை நகரக் காவல் சட்டம் தலைநகருக்குரிய சூதாட்ட விதிகளை வகுத்தது. நகருக்கு வெளியே உள்ள மாகாணப் பகுதிகளுக்கு 1930ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் நகரக் காவல் சட்டம் மதுரை, கோயம்புத்தூர் முதலிய மாநகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. எனினும் சிற்றூர்களும் மலைப்பகுதிகளும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே தொடர்ந்தன.

இவ்விரு சட்டங்களின் அச்சாணி ‘பொதுச் சூதாட்ட இல்லம்’ என்னும் கருத்தாகும். உரிமையாளரோ பயன்படுத்துபவரோ ஆதாயம் பெறும் நோக்கில் ஆட்டக் கருவிகளை வைத்திருக்கும் வீடு, அறை, கூடாரம், சுற்றடைப்பு முதலியன இதில் அடங்கும். 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இத்தகைய இல்லத்தைத் திறந்தவர், நடத்தியவர், நடத்த உதவியவர், ஆட்டத்திற்குப் பணம் கொடுத்தவர் ஆகியோருக்கு 500 ரூபாய் வரை தண்டத் தொகை அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதித்தது. 9ஆம் பிரிவு அங்கே ஆடியவருக்கும் ஆடும் நோக்குடன் இருந்தவருக்கும் 200 ரூபாய் வரை தண்டத் தொகை அல்லது ஒரு மாதம் வரை சிறை விதித்தது.

இளவரைப் பொறுத்தவரை 9ஆம் பிரிவின் பிற்பகுதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆட்டம் நடைபெறும்போது அவ்வில்லத்தில் காணப்படும் எவரும், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, ஆடுவதற்காகவே அங்கிருந்தார் என அனுமானிக்கப்படுவார். தேநீர் கொண்டுவந்த சிறுவனும், தந்தையைத் தேடிவந்த மகனும் இவ்வனுமானத்திற்கு உட்படுவர். தாம் ஆடவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் மீதே விழுகிறது. அவ்வாறே 8ஆம் பிரிவின் ‘நடத்த உதவியவர்’ என்னும் சொற்றொடர், வாயிலில் காவல் நின்று காவலர் வருகையை அறிவிக்கும் சிறுவனையும் நடத்துநர் வரிசையில் சேர்க்கக்கூடியது. இச்சட்டத்தில் வயதைக் குறித்த விதிவிலக்கும் இல்லை. இளவரை ஆடவிட்ட நடத்துநருக்குக் கூடுதல் தண்டனையும் இல்லை. பெரியவர் நால்வரைக் கொண்டு ஆட்டம் நடத்தியவரும், பள்ளிச் சிறுவர் நால்வரைக் கொண்டு நடத்தியவரும் இச்சட்டத்தின் முன் ஒருவரே.

மலைநாடும் சட்டத்தின் எல்லையும்

நெல்லிவாசல்நாடு கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலையில், 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்பவை இதன் அண்டை நாடுகள். மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையராக வாழ்கின்றனர். ‘நாடு’ என்னும் ஊர்த்தொகுதிப் பெயர் பழைய ஆட்சிப் பிரிவின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

பழங்குடியினர் மிகுந்து வாழும் பகுதியாயினும் இங்குச் சட்ட நிலையில் தனிமை இல்லை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்படி அறிவிக்கப்பட்ட பட்டியல் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே மாநிலச் சட்டங்களை மாற்றியமைத்தோ விலக்கியோ நடைமுறைப்படுத்த ஆளுநருக்கு அவ்வட்டவணை அளிக்கும் அதிகாரம் ஜவ்வாது மலைக்குப் பொருந்துவதில்லை. சூதாட்டம் குறித்து ஊர்ப் பெரியோர் வழங்கும் கண்டனத்திற்குச் சமூக மதிப்பு உண்டாயினும், 1930ஆம் ஆண்டுச் சட்டமே முழுமையாகச் செல்லும்.

ஆனால் அச்சட்டத்தின் செயல்முறை காவல் அதிகாரியின் நேரடி வருகையை நம்பியது. பிடியாணை பெற்று, இல்லத்தினுள் நுழைந்து, சீட்டுக்கட்டையும் பணத்தையும் கைப்பற்றினால்தான் அதன் அனுமானங்கள் உயிர்பெறும். மலையடிவாரக் காவல் நிலையத்திற்கும் மலையுச்சி ஊருக்கும் இடைப்பட்ட தொலைவே நெடுங்காலம் அச்சட்டத்தின் நடைமுறை எல்லையாக இருந்திருக்கும். அத்தொலைவைக் கைப்பேசி ஆட்டம் அழித்தது; காவலரின் தொலைவை அழிக்கவில்லை. அடுத்துவரும் சட்ட மாற்றங்களை மதிப்பிடுகையில் இந்த ஏற்றத்தாழ்வை மனங்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தில் இளவர்

சூதாட்டச் சட்டம் பேசாமல் விட்ட வயதை உரிமையியல் சட்டம் பேசியது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இளவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. 1875ஆம் ஆண்டு இந்திய உரிமை வயதுச் சட்டம் பதினெட்டு வயதை எல்லையாக்கியது. மொகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில், இளவர் செய்த உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்த்தது. மற்றொரு புறம், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய உடன்பாடுகள் யார் செய்தாலும் செல்லா என்று விதிக்கிறது. 1959ஆம் ஆண்டு கேருலால் பரக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பந்தய உடன்பாடு செல்லாததேயன்றிச் சட்டவிரோதமானதன்று என விளக்கியது.

இவ்விரு விதிகளும் இணையும்போது இளவரின் பணய உடன்பாடு இருமுறை செல்லாததாகிறது. அதன் விளைவுகள் மூன்று. தோற்ற இளவரிடம் பாக்கியைக் கேட்டு எவரும் வழக்குத் தொடுக்க இயலாது. வென்ற இளவரும் தம் ஆதாயத்தை நீதிமன்றத்தின் வழி பெற இயலாது. இளவர் கடன் வாங்கி ஆடியிருந்தால் கடன் கொடுத்தவர் அதனை ஒப்பந்தக் கடனாக அவரிடம் வசூலிக்க இயலாது.

இக்காப்பு வலிமையானதாகத் தோன்றினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. கடனுக்கு ஆடிய காலத்தில் அது பயன்பட்டது. ஏனெனில் கேட்பவர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. பணத்தை முன்னரே செலுத்தி ஆடும் இணையவழி ஆட்டத்தில் இழப்பு நொடியில் முடிந்துவிடுகிறது. வழக்குத் தொடுக்க வேண்டியவர் இப்போது இழந்தவரே. நூறு, இருநூறாகக் கரைந்த தொகைக்காக வேறொரு மாநிலத்தில் பதிவுபெற்ற நிறுவனத்தின் மீது மலைவாழ் குடும்பம் ஒன்று உரிமையியல் வழக்குத் தொடுக்கும் என எதிர்பார்க்க இயலாது.

குற்றவியல் சட்டத்தில் இளவர்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இன் 82ஆம் பிரிவு ஏழு வயது நிறையாத குழந்தையின் செயல் எதனையும் குற்றமாகக் கொள்ளவில்லை. 83ஆம் பிரிவு ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டோரின் செயலை, விளைவை உணரும் முதிர்ச்சி இல்லாதபோது மன்னித்தது. அச்சட்டத்தின் 40ஆம் பிரிவு இப்பொது விலக்குகளைச் சிறப்புச் சட்டங்களுக்கும் உள்ளூர்ச் சட்டங்களுக்கும் நீட்டித்தமையால், 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்ட சிறாருக்கும் அவை பொருந்தின. இவ்விரு விலக்குகளும் 2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவில் 20, 21ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன.

பன்னிரண்டு வயதைக் கடந்தவருக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. 1897ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவரைச் சிறைக்கு மாற்றாகப் பள்ளிக்கு அனுப்ப வழிசெய்தது. இந்தியாவில் இத்துறையில் முதன்முதலாக இயற்றப்பட்ட மாகாணச் சட்டம் 1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டமாகும். வங்காளமும் (1922) பம்பாயும் (1924) இதனைப் பின்பற்றின. ஆகவே 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டபோது, குழந்தைகளைத் தனியே நடத்த வேண்டும் என்னும் கொள்கையைச் சென்னை மாகாணம் ஏற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. சூதாட்டச் சட்டம் வயதைப் பேசாமைக்கு அக்கறையின்மை மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. பிடிபட்ட சிறாரைக் கவனிக்க வேறொரு சட்டம் இருந்தது. ஆனால் சிறாரை ஆட்டத்திற்கு இழுத்தவரைத் தனியே தண்டிக்கும் விதி சூதாட்டச் சட்டத்தில் இடம்பெறவில்லை. இங்கிலாந்தில் 1892ஆம் ஆண்டிலேயே இளவரைப் பந்தயத்திற்கும் கடனுக்கும் தூண்டுவதைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

விடுதலைக்குப் பின் வயது எல்லை மாறிவந்தது. 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஆண்களுக்குப் பதினாறு, பெண்களுக்குப் பதினெட்டு என எல்லை வகுத்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் பதினெட்டு என்றாக்கியது. ஆகவே 1990ஆம் ஆண்டு சீட்டாட்டத்தில் பிடிபட்ட பதினேழு வயது இளைஞன் பெரியவனாக நடத்தப்பட்டான். 2002ஆம் ஆண்டு அதே செயலுக்காகப் பிடிபட்ட அதே வயதினன் இளவராக நடத்தப்பட்டான்.

இன்று நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களைச் சிறு குற்றங்களாக வகைப்படுத்துகிறது. சூதாடுதல் இவ்வகையைச் சார்ந்தது. பிடிபட்ட குழந்தையைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. இளைஞர் நீதிக் குழுமமே விசாரிக்க வேண்டும். முதல்முறை முன்னிலைப்படுத்தியதிலிருந்து நான்கு மாதத்திற்குள் விசாரணை முடிய வேண்டும். நீட்டிப்பு இரண்டு மாதத்திற்கு மேற்படாது. அதற்குப் பின்னும் முடிவுறாத சிறு குற்ற விசாரணை முடிவுற்றதாகவே கொள்ளப்படும். 18ஆம் பிரிவின்படி அறிவுரை கூறி அனுப்புதல், குழு உளவளத் துணை, சமூகப் பணி, தண்டத் தொகை முதலிய ஆணைகளைக் குழுமம் பிறப்பிக்கலாம். 24ஆம் பிரிவு இவ்வாணையால் எத்தகுதியிழப்பும் நேராது என்கிறது. காவல் துறையிலோ வனத்துறையிலோ பணி நாடும் மலைப்பகுதி இளைஞனுக்கு இந்த 24ஆம் பிரிவு 200 ரூபாய்த் தண்டத் தொகையைவிடப் பன்மடங்கு பெறுமதியுடையது.

இக்காப்பு அமைப்பில் சூதாட்டத்திற்கே உரிய ஒரு சிக்கல் உள்ளது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின் 8ஆம் விதி, கொடுங்குற்றம் அல்லாத நிகழ்வுகளில் குழந்தையின் மீது முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டாம் என்கிறது. பொது நாட்குறிப்பில் குறித்துச் சமூகப் பின்னணி அறிக்கை இணைத்தால் போதும். ஆனால் பெரியவர்களுடன் கூட்டாகச் செய்யப்பட்ட குற்றத்திற்கு இவ்விலக்கு இல்லை. சூதாட்டம் எதிராளி இன்றி நிகழாது. திருடும் சிறுவன் தனித்துத் திருடலாம். சூதாடும் சிறுவன் பெரியவர் நடுவே பிடிபடுவதற்கே வாய்ப்பு மிகுதி. எனவே மூன்றாண்டுச் சிறைக்குரிய செயலைத் தனித்துச் செய்தவன் முதல் தகவல் அறிக்கையிலிருந்து தப்ப, ஒரு மாதச் சிறைக்குரிய செயலைப் பெரியவருடன் செய்தவன் அவ்வறிக்கையில் இடம்பெற நேரலாம்.

வயதை மெய்ப்பிக்கும் வரிசையும் கருதத்தக்கது. 94ஆம் பிரிவு பள்ளிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழை முதலிலும், உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழை அடுத்தும், அவை இல்லாதபோது மட்டும் எலும்பு முதிர்ச்சிச் சோதனையையும் ஏற்கிறது. பள்ளியில் தொடர்ந்து படிப்பவருக்கு இக்காப்பு எளிதில் கிட்டும். பெற்றோருடன் கூலிவேலைக்கு இடம்பெயர்ந்து பள்ளியை இடையில் விட்டவரே சான்றின்றி நிற்பர்.

நடத்துநரின் பொறுப்பு

இளவரை ஆடவிட்ட நடத்துநருக்குச் சூதாட்டச் சட்டத்தில் கூடுதல் தண்டனை இல்லையெனினும், குழந்தைகள் சட்டத்தின் வழி ஒரு வாயில் உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய்த் தண்டத் தொகையும் விதிக்க வகைசெய்கிறது. காவல் நிற்கவும் பணம் கொண்டுசெல்லவும் சிறுவரை அமர்த்தும் நடத்துநர் இதன் வரம்புக்குள் வரலாம். 500 ரூபாய்க்கும் 5 லட்சம் ரூபாய்க்கும் இடையிலான தொலைவு, எந்தச் சட்டப் பிரிவில் வழக்குப் பதியப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தீர்மானமாகிறது. அதே சட்டத்தின் 77ஆம் பிரிவு குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பதைப் பெயர்சுட்டித் தண்டிக்கிறது. சூதாட்டத்தில் ஆடவிடுதல் அவ்வாறு பெயர்சுட்டப்படவில்லை. ஆகவே சிறுவனை வேலைக்கு வைத்த நடத்துநரைவிடச் சிறுவனின் பணத்தையே பறித்த நடத்துநர் எளிதில் தப்புகிறார்.

நடத்துநர் என்னும் சொல்லுக்குள் அரசே இருந்த காலமும் உண்டு. 1968ஆம் ஆண்டு சி. என். அண்ணாதுரை தலைமையிலான அரசு தமிழ்நாடு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இடையில் நிறுத்தமும் மீள்தொடக்கமும் கண்டு, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரி விற்பனையும் மாநிலத்தில் தடைசெய்யப்பட்டது. தெருவோரச் சீட்டாட்டத்தைத் தண்டித்த அரசே குலுக்கல் சீட்டை விற்ற காலத்தில், குலுக்கல் சூதாட்டச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நின்றது.

இணையவழிக் காலம்

இடத்தை மையமாகக் கொண்ட சட்டம், இடமற்ற ஆட்டத்தின் முன் தடுமாறியது. அதே வேளையில் நீதிமன்றத் தீர்ப்புகள் திறன் விளையாட்டுக்கு அரண் அமைத்திருந்தன. 1968ஆம் ஆண்டு சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறன் சார்ந்தது என்றது. 1996ஆம் ஆண்டு கே. ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் அவ்வாறே கொண்டு, 1888, 1930ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் திறன் விளையாட்டைத் தண்டனையிலிருந்து விலக்கியுள்ளன என்று விளக்கியது. இவ்விளக்கத்தின் கவனிக்கப்படாத விளைவு ஒன்று உண்டு. ஓர் ஆட்டம் திறன் விளையாட்டாகிவிட்டால் அது சூதாட்டத் தண்டனையிலிருந்து முற்றிலும் விலகும்; விலகும்போது அதனை ஆடும் இளவருக்கும் எவ்வரம்பும் இல்லாமற் போகும். திறன் என்னும் அளவுகோல் பெரியவரின் தொழிலுரிமையைக் காக்க அமைந்தது. சிறுவனின் இழப்பை அளக்க அது உதவவில்லை.

2020 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் 2021இல் திருத்தச் சட்டமாகவும் வந்த முதல் முயற்சி, பணயம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களை முற்றிலும் தடைசெய்தது. ஆடுபவருக்கு 5,000 ரூபாய், 6 மாதச் சிறை; நடத்துநருக்கு 10,000 ரூபாய், 2 ஆண்டுச் சிறை என உச்ச வரம்புகள் அமைந்தன. 2021 ஆகஸ்ட் 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் இத்திருத்தத்தை அரசமைப்புக்கு முரணானது என நீக்கியது.

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2022 உருவானது. 2022 அக்டோபரில் நிறைவேறிய சட்டமுன்வடிவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். அதே மாதம் 23ஆம் நாள் பேரவை அதனை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டத் தொகை அல்லது இரண்டும், விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அல்லது இரண்டும், நடத்துநருக்கு 3 ஆண்டு வரை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அல்லது இரண்டும் என இச்சட்டம் விதித்தது. 1930இல் ஆடுபவருக்கும் நடத்துநருக்கும் இடையிலான தண்டத் தொகை விகிதம் ஒன்றுக்கு இரண்டரை. இச்சட்டத்தில் அது ஒன்றுக்கு இருநூறு. பொறுப்பின் சுமை நடத்துநர் பக்கம் நகர்ந்ததை இவ்வெண்களே காட்டுகின்றன.

2023 நவம்பர் 9ஆம் நாள் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தை வாய்ப்பு விளையாட்டுகளைப் பொறுத்து ஏற்று, அட்டவணையிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கியது. ஆயினும் நேரம், வயது போன்றவற்றில் வரம்பு விதிக்கும் மாநிலத்தின் அதிகாரத்தை மறுக்கவில்லை. இதன் பயனாக 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வெளிவந்தன. பதினெட்டு வயது நிறையாதோர் பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத் தடை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. திறன் விளையாட்டாக இருந்தாலும் இளவர் ஆடலாகாது என்று தமிழ்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது இங்கேயே. 2025 ஜூன் 3ஆம் நாள் உயர் நீதிமன்றம் இவ்வொழுங்குமுறைகளை ஏற்றது.

அடுத்த சில வாரங்களில் நிலைமை மீண்டும் மாறியது. 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், திறன், வாய்ப்பு என்னும் வேறுபாட்டையே நீக்கி, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டம் அனைத்தையும் வழங்குவதைத் தடைசெய்கிறது. வழங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டத் தொகையும், விளம்பரத்திற்கு 2 ஆண்டும் 50 லட்சம் ரூபாயும் உச்ச வரம்புகள். பணப் பரிமாற்றத்திற்கு உதவும் நிறுவனங்களும் தண்டனைக்கு உட்படும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதனை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டுள்ளன. ஆடுபவர் எல்லோரையும் பாதிக்கப்பட்டவராகக் கொள்ளும் இச்சட்டம், இளவருக்கு உரிய நோக்கைப் பெரியவருக்கும் விரித்தது எனலாம். ஆனால் மரத்தடியில் சீட்டாடும் சிறுவனுக்கு இன்றும் 1930ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் இழந்தவன் குற்றவாளி அல்லன். ஆதாயத்திற்கென நடத்தப்படும் குடிசையில் பத்து ரூபாய் வைத்தவன் குற்றவாளி.

அடையாளம் யாருடையது?

ஆதார் வழிச் சரிபார்ப்பு கணக்கின் உரிமையாளரை உறுதிசெய்கிறது. திரையைத் தொடும் விரல் யாருடையது என்பதை உறுதிசெய்வதில்லை. ஒரு குடும்பத்திற்கு ஒரு கைப்பேசி என்னும் நிலையுள்ள ஊர்களில் தந்தையின் எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணை உள்ளிடுபவர் பெரும்பாலும் எழுத்தறிந்த மகனோ மகளோ ஆவர். மலைப்பகுதிகளில் முதல் தலைமுறையாகக் கற்கும் பிள்ளைகளே குடும்பத்தின் வங்கிச் செய்தியைப் படிப்பவர்களும் அரசு விண்ணப்பத்தை நிரப்புபவர்களுமாக உள்ளனர். அத்தகைய பிள்ளை ஆடும்போது பதிவில் தெரிவது பெரியவர் ஒருவரின் ஆட்டம்.

இதன் சட்ட விளைவு கடுமையானது. ஆடியவர் இளவர் என்று மெய்ப்பித்தாலன்றி, உடன்பாடு செல்லாது என்னும் வாதமும் இளைஞர் நீதிச் சட்டத்தின் காப்பும் எழா. நடத்துநரோ, முறைப்படி சரிபார்த்தேன் என்று பதிவைக் காட்டி விலகிக்கொள்ளலாம். தடைசெய்யப்பட்ட ஆட்டத்தில் பதிவின்படி ஆடியவர் தந்தை என்பதால், 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனையும் அவரை நோக்கித் திரும்பலாம். வயதுக் காப்பு, பெயரளவில் பிள்ளைக்கு இருந்தும், நடைமுறையில் நடத்துநருக்குக் கவசமாகிவிடும் நிலை இது.

பிற நாட்டுச் சட்டங்கள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் அணுகியுள்ளன. பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தை ஆடுவதைக் குற்றமாக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதினர் ஆடுவதைக் குற்றமாக்கியது. இவ்விரு பிரிவினரையும் ஆட அழைப்பதைப் பெரியவரின் குற்றமாக்கியது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் உரிய வயது நிறையாதோர் ஆடுவதோடு, பிறருக்காக ஆடுவதையும் குற்றமாக்கியது. முன்னது வயதுக்கேற்பப் பொறுப்பைப் படிநிலைப்படுத்துகிறது. பின்னது ஆட்டத்தின் பின்னாலுள்ள ஆளைத் தேடுகிறது. தமிழ்நாட்டின் ஒழுங்குமுறைகளில் இவ்விரு கூறுகளும் போதிய அளவு இடம்பெறவில்லை.

முடிவுரை

ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தின் பார்வை இடத்திலிருந்து ஆட்டத்தின் தன்மைக்கும், அதிலிருந்து நடத்துநருக்கும் நகர்ந்துள்ளது. இளவர் இப்பார்வையின் ஓரத்திலேயே நின்றனர். இந்நிலையைச் சீர்செய்ய மூன்று திருத்தங்கள் போதுமானவை. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அனுமானத்திலிருந்து இளவரை விலக்கி, இளவரை ஆடவிடுவதைத் தனிக்குற்றமாக 8ஆம் பிரிவில் சேர்த்தல் வேண்டும். சிறு குற்றத்தில் பெரியவருடன் பிடிபட்ட குழந்தையின் பெயரை முதல் தகவல் அறிக்கையில் சேர்க்காமல் பெரியவர் மீது மட்டும் அதனைப் பதிய, மாதிரி விதி 8ஐ மாற்றுதல் வேண்டும். கணக்கில் ஆடியவர் இளவர் என்று குடும்பம் முறையிட்டால், அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் சுமையை ஆட்டத் தரவுகளை வைத்திருக்கும் நடத்துநர் மீது சுமத்துதல் வேண்டும்.

மூன்றாவது திருத்தம் புதிய கோட்பாடு அன்று. இல்லத்தில் காணப்பட்டவர் ஆடவே வந்தார் என அனுமானித்து, மறுக்கும் சுமையை அவர்மீது 1930ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றியது. தேநீர் கொண்டுவந்த சிறுவன்மீது சுமத்தத் தக்கதெனக் கருதப்பட்ட அச்சுமையை, கோடிக்கணக்கில் ஈட்டும் நிறுவனத்தின் மீது சுமத்தத் தயங்குவதற்குக் காரணம் இல்லை.